வீதிக்குறியும் அதன் பொருளும்: குறிஞ்சாக்கேணியை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

வீதியோரத்து அடையாளப் பலகைகளின் பொருளை அறிதல் என்பது பொதுவாகச் சாரதி அனுமதிப்பத்திரம் பெற விரும்புவோர் மனனம் செய்துகொள்ளும் ஒரு பாடமாகவே கருதப்பட்டு வருகின்றது. இன்ன வடிவம் எச்சரிக்கை, இன்ன வடிவம் தடை, இன்ன நிறம் தகவல் எனப் பட்டியலிட்டுக் கற்று, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும் அப்பாடத்திற்கு ஒரு வரலாறு உண்டென்பதோ, அவ்வரலாறு அரச அதிகாரம், மொழியுரிமை, வர்க்க வேறுபாடு ஆகியவற்றோடு பின்னிப் பிணைந்தது என்பதோ நமது ஆய்வுலகின் கவனத்தை உரிய அளவில் ஈர்க்கவில்லை. நாணயம், கல்வெட்டு, செப்பேடு ஆகியவற்றை வரலாற்று மூலங்களாகக் கொள்ளும் நாம், நாள்தோறும் கண்ணிற்படும் வீதிக்குறியையும் அவ்வாறே ஒரு மூலமாகக் கொள்ளலாம் என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்தைச் சேர்ந்த கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணி இந்நோக்கிற்குப் பொருத்தமான களமாக அமைவது ஏன் என்பது பின்னர் விளக்கப்பெறும்.

குறி ஒன்றிற்குப் பொருள் உண்டாவதற்கு மூன்று தரப்பினர் வேண்டும். குறியை நாட்டுபவர் ஒருவர். அதனைக் காண்பவர் ஒருவர். இவ்விருவரும் தம்முள் ஏற்றுக்கொண்ட வழக்கினைப் பேணும் சமூகம் மூன்றாவது. சொற்பொருள் வெளிப்படையாகவும் குறிப்பாகவும் தோன்றும் என வகுத்த தொல்காப்பியச் சொல்லதிகாரம், மொழிக்குரியதாகக் கூறிய இப்பாகுபாடு வீதிக்குறிக்கும் பொருந்தும். பலகையில் வரையப்பட்ட உருவம் வெளிப்படை. அதனை நாட்டும் அதிகாரம் யாரை விளித்துப் பேசுகின்றது, யாரை விளிக்காது விடுகின்றது என்பது குறிப்பு. வரலாற்று மாணவன் இவ்விரண்டையும் சேர்த்தே வாசிக்கக் கடமைப்பட்டவன்.

1. பழந்தமிழ் மரபில் வழிக்குறிகள்

வழிக்குறி மோட்டார் வாகனத்தோடு பிறந்த ஒன்றன்று. பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய மலைபடுகடாம் கூத்தர்க்கு வழிகூறும் ஆற்றுப்படையாதலின், வழிச்செலவு பற்றிய அரிய செய்திகளை அது தருகின்றது. பல வழிகள் கூடும் சந்தியிலே, பின்வருவோர் வழிதப்பாதிருக்கும் பொருட்டு, முன்செல்வோர் இடத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்ல வேண்டும் என அந்நூல் அறிவுறுத்துகின்றது. தெய்வம் உறையும் மராமரத்தைக் கொண்ட காட்டுவழிக் கவலையில், செல்லும் நாட்டின் பெயரைப் பிறர் அறியுமாறு எழுதிவைத்த செய்தியும் அதனையடுத்து வருகின்றது. இவ்விரு குறிப்புகளும் உடன்வைத்து நோக்கற்பாலன. முன்னையது வழிப்போக்கன் வழிப்போக்கனுக்கு இடும் குறி. எழுத்தறிவு அதற்கு வேண்டுவதில்லை. பின்வருபவன்மீது முன்சென்றவனுக்குள்ள பொறுப்புணர்வே அதன் அடிப்படை. பின்னையதோ எழுத்தாலான குறி. நிலைத்த இடம், நிலைத்த பெயர், எழுதுவோன் ஒருவன் ஆகியன அதற்கு வேண்டப்படுகின்றன.

அரசு வளர்ந்து, வணிகப் பெருவழிகள் பெருகிய காலத்தில் குறி கல்லில் ஏறிற்று. தமிழ்நாட்டில் தருமபுரிப் பகுதியிற் கிடைத்த, ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காதக்கல் இதற்குச் சிறந்த சான்றாகும். 'அதியமான் பெருவழி' என வழியின் பெயரைக் கூறி, நாவற்றாவளம் என்னும் இடத்திற்குள்ள தூரம் 29 காதம் என அக்கல் குறிக்கின்றது. எண்ணைத் தமிழ் எண்ணுருவில் பொறித்தவர்கள் அத்துடன் அமையாது, இரண்டு பெரிய குழிகளையும் ஒன்பது சிறிய குழிகளையும் கல்லிற் குடைந்துள்ளனர். பெரிய குழி பத்தினையும் சிறிய குழி ஒன்றினையும் குறிக்கும். எழுத்தறியாத பொதிமாட்டுக்காரனும் விரலால் தடவி, இருளிலும் தூரத்தை அறிந்துகொள்ளத்தக்க ஏற்பாடு இது. நிலவுடைமைச் சமூகத்து அரசு உழைக்கும் மக்கள்மீது அன்பு கொண்டு இதனைச் செய்தது எனக் கொள்ள வேண்டியதில்லை. வணிகச் சாத்து வழிதப்பினால் சுங்கமும் தப்பும் என்பதை அவ்வரசு அறிந்திருந்தது. எனினும், வீதியைப் பயன்படுத்துவோருட் பெரும்பாலோர் எவரோ அவர்க்கு விளங்கும் வகையிற் குறி அமைதல் வேண்டும் என்னும் தத்துவம் அன்றே நடைமுறையில் இருந்தமையை இக்கல் மெய்ப்பிக்கின்றது.

இலங்கையிலிருந்து எடுத்துக்காட்டத்தக்கது காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ள மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹேயின் பயணங்களோடு தொடர்புடைய அக்கல் 1409ஆம் ஆண்டைக் குறிப்பது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில், முறையே புத்தரையும் தென்னாவரை நாயனாரையும் இஸ்லாமிய இறைமையையும் போற்றிக் காணிக்கைகளை அது பதிவு செய்கின்றது. அது வீதிக்குறியன்று என்பது உண்மையே. ஆயினும் கடல்வழி வந்த ஓர் அந்நிய அதிகாரம், தான் பேச விரும்பிய மூன்று சமூகத்தாரையும் அவரவர் மொழியிலேயே விளிக்க வேண்டும் என்று கருதிய செய்தி, பிற்கால இலங்கையின் பெயர்ப்பலகை வரலாற்றோடு ஒப்புநோக்கத் தக்கதாகும்.

2. மோட்டார் யுகமும் சருவதேசக் குறிகளும்

ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மோட்டார் வாகனம் தோன்றியபோது, வேகம் என்னும் புதிய காரணி வீதிக்குட் புகுந்தது. நடந்து செல்பவன் நின்று வாசிக்கலாம். விரைந்து செல்பவனுக்கு நிற்க நேரமில்லை. ஆதலால் எழுத்தினிடத்தை உருவம் பிடித்தது. 1909ஆம் ஆண்டு பாரிஸில் உருவான உடன்படிக்கை நான்கே நான்கு குறிகளை ஏற்றுக்கொண்டது. வீதி மேடுபள்ளம், வளைவு, வீதிச்சந்தி, புகையிரதக் கடவை என்பனவே அவை. இந்நான்கும் மோட்டார்ச் சாரதிக்கு நேரக்கூடிய அபாயங்கள் என்பது கருதத்தக்கது. அன்று கார் வைத்திருந்தோர் செல்வந்தர். எல்லை கடந்து உல்லாசப் பயணம் செய்தோரும் அவர்களே. முதலாவது சருவதேச வீதிமொழி அவர்தம் தேவையிலிருந்தே பிறந்தது.

1931இல் ஜெனீவாவில், சருவதேச சங்கத்தின் முயற்சியால், குறிகள் அபாயத்தை அறிவிப்பன, கட்டளையிடுவன, தகவல் தருவன என மூவகைப்படுத்தப்பட்டன. இரண்டாம் உலகப் போரின் பின் 1949ஆம் ஆண்டு ஜெனீவா நெறிமுறையும், 1968 நவம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் உருவாகி 1978இல் நடைமுறைக்கு வந்த வியன்னா உடன்படிக்கையும் இப்பாகுபாட்டை விரித்தன. ஆயினும் உலகம் முழுவதற்கும் ஒரே மொழி உருவாகிவிடவில்லை. ஐரோப்பிய மரபு எச்சரிக்கைக்கு முக்கோணத்தைக் கொண்டது. ஐக்கிய அமெரிக்க மரபு 1920களிலிருந்து சாய்சதுரத்தைக் கொண்டது. தமிழ்நாட்டு வீதியில் எச்சரிக்கை சிவப்பு ஓரமிட்ட முக்கோணமாக நிற்க, இலங்கை வீதியில் அது மஞ்சட் சாய்சதுரமாக நிற்பதற்கு இவ்விரு மரபுகளின் வேறுபாடே விளக்கமாகும். ஒரே மொழியைப் பேசும் இரு தமிழர் பாக்குநீரிணையைக் கடந்ததும் வெவ்வேறு வீதிமொழியை வாசிக்க நேர்கின்றது.

நிறங்களின் பொருளும் இயற்கையானதன்று. சிவப்பு எங்கும் எப்போதும் 'நில்' எனப் பொருள்படும் என நாம் கருதுகின்றோம். ஐக்கிய அமெரிக்காவின் எண்கோண நிறுத்தற்குறி 1954 வரை மஞ்சள் நிறத்ததாகவே இருந்தது. வெயிலில் மங்காத சிவப்புப் பூச்சு அக்காலத்தில் வாய்ப்பாகக் கிடைக்காமையே அதற்குக் காரணம். குறியின் பொருளை உற்பத்தி நுட்பமும் நிர்ணயிக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் காண்டல் அரிது.

உருவம் எழுத்தினும் சனநாயகமானது என்ற கருத்தை முன்வைத்தோருள் ஒட்டோ நியூராத் முக்கியமானவர். சமூக ஜனநாயகவாதிகளின் ஆட்சியிலிருந்த வியன்னா நகரில் 1925இல் அவர் நிறுவிய சமூக, பொருளாதார அருங்காட்சியகம், தொழிலாளர்க்குப் புள்ளிவிவரங்களைப் படவுருவில் விளக்க முயன்றது. சொல் மக்களைப் பிரிக்கின்றது, படம் இணைக்கின்றது என்பது அவர் கொள்கையின் சாரம். இக்கொள்கை முற்போக்கானதே. எனினும் படமும் தன் சமூகத்தின் சாயலைத் தாங்கியே வருகின்றது. பிரித்தானியாவில் முன்னர் பாடசாலையைக் குறிக்கத் தீவட்டி உருவம் வழங்கிற்று. கல்வியை ஒளியாகக் கருதும் உருவகத்தை முன்னரே அறிந்தவனுக்கே அது விளங்கும். பின்னர் தொப்பியணிந்த சிறுவன் சிறுமியை அழைத்துச் செல்லும் உருவம் வந்தது. வோர்போய்ஸ் குழுவின் 1963ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து குறிகளைப் புதிதாக வரைந்த மார்கரெட் கல்வேர்ட், பழைய உருவத்தில் உயர்தரப் பாடசாலையின் வர்க்கச் சாயலைக் கண்டார். அதனை நீக்கிச் சிறுமி சிறுவனை அழைத்துச் செல்வதாக மாற்றினார். சிறியதொரு கறுப்பு உருவத்தினுள்ளே வர்க்கமும் பாலினமும் எவ்வாறு ஒளிந்திருக்கக்கூடும் என்பதற்கு இம்மாற்றம் சான்று பகரும்.

இன்னுமொன்று. பாடசாலைக் குறியிலே குழந்தைகள் தோன்றுகின்றனர்; ஆனால் அக்குறி குழந்தைகளோடு பேசுவதில்லை. அது சாரதியோடு பேசுகின்றது. குழந்தைகள் அப்பேச்சின் பொருளாக மாத்திரம் அமைகின்றனர். வீதிமொழி வாகனத்திலிருப்பவனை முன்னிலையிலும் நடந்து செல்பவனைப் படர்க்கையிலும் வைத்துப் பேசுகின்றது எனலாம். 1909இல் தோன்றிய இச்சார்பு இன்றுவரை முற்றாக நீங்கிவிடவில்லை.

3. இலங்கையில் குறியும் மொழியும்

இலங்கையில் வீதிக்குறிகளுக்குரிய சட்ட அடிப்படை 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தில் உள்ளது. ஐந்து ஆண்டுகளின் பின் 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிற்று. இவ்விரண்டும் சந்தித்த இடம் வாகனத்தின் இலக்கத்தகடாகும். 1957இன் தொடக்கத்திலிருந்து புதிய வாகனங்களின் தகட்டில் ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இடம்பெறலாயிற்று. தமிழரசுக் கட்சி இதனை எதிர்த்தது. 1957 ஜூலையில் பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. 1958 ஜனவரியில் தேசியமயமாக்கப்பட்ட இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ்கள் சிங்கள ஸ்ரீத் தகட்டுடன் வடக்கிற்கு அனுப்பப்பட்டபோது கிளர்ச்சி மீண்டும் மூண்டது. வடக்கிலும் கிழக்கிலும் சிங்கள ஸ்ரீ தாரினால் அழிக்கப்பட்டது. தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தாரினால் அழிக்கப்பட்டன. ஏப்பிரலில் ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. மே மாதத்தில் நாடு இனவன்முறையைக் கண்டது.

தேசியமயமாக்கல் முற்போக்கான நடவடிக்கை என்பதில் ஐயமில்லை. பொதுமக்களுக்குச் சொந்தமான பஸ், பொதுமக்களுள் ஒரு பகுதியினரை அந்நியப்படுத்தும் குறியைத் தாங்கி வந்தமையே அதன் முரண்பாடு. ஓரெழுத்து ஒரு தகட்டின்மீது நின்று, அந்நாட்டில் யார் முன்னிலை, யார் படர்க்கை என்பதைக் கூறிற்று. இலக்கத்தகட்டின் பயன் வாகனத்தை இனங்காட்டுவது. 1958இல் அது மனிதரை இனம்பிரித்துக் காட்டும் குறியாக மாறியமை வரலாற்றின் கசப்பான பாடமாகும்.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு தமிழைத் தேசிய மொழியாக ஏற்றது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் எனக் கூறிற்று. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கான சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் ஏற்றுக்கொண்டதைப் பலகை ஏற்றுக்கொண்டதா என்பது வேறு வினா. தமிழ் இடம்பெறாத பலகை ஒருபுறமிருக்க, தமிழ் பிழையுற்று நிற்கும் பலகை மற்றொருபுறம். கர்ப்பிணித் தாய்மார்க்கென ஒதுக்கிய ஆசனத்தின் அறிவித்தலில் ஓரெழுத்து மாறியமையால் தாய்மார் நாய்மாராகிவிட்ட செய்தி பலரும் எடுத்துக்காட்டியதாகும். சிரித்து மறக்கத்தக்க அச்சுப்பிழையாக இதனைக் கொள்ளுதல் தகாது. எழுதியவனுக்குத் தெரியாத மொழியை, எழுதுவித்தவன் சரிபார்க்கத் தேவையில்லை எனக் கருதியமையின் விளைவு அது.

யுத்தம் வடக்கு, கிழக்கு மக்களுக்கு மற்றொரு குறியைக் கற்றுக்கொடுத்தது. மண்டையோட்டு உருவம் தாங்கிய, மிதிவெடி அபாயத்தை அறிவிக்கும் சிவப்புப் பலகையே அது. பாடசாலைகளிலும் கிராமங்களிலும் குழந்தைகளுக்கு நேரே விளக்கப்பட்டமையால் அது வீதிக்குறிகளுள் வேறுபட்டு நிற்கின்றது. அங்கு குழந்தை படர்க்கையன்று, முன்னிலை. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. பலகையை நாட்டுவது முதற்படியென்றும் வெடியை அகற்றுவதே முடிவென்றும் அனைவரும் அங்கு உணர்ந்திருந்தனர். எச்சரிக்கைப் பலகை நிரந்தரமாக நிற்கவேண்டும் என எவரும் கருதவில்லை. இவ்வுணர்வு ஏனைய எச்சரிக்கைகளுக்கும் உரியது என்பதைக் குறிஞ்சாக்கேணி உணர்த்துகின்றது.

4. 'பாதை' என்னும் சொல்

கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்த நிலம் ஆறும் களப்பும் அறுத்துச் செல்லும் நிலமாகும். இங்கு ஊர்ப்பெயர்களே பழைய வழிக்குறிகள். துறை என முடியும் பெயர் கடக்கும் இடத்தை அறிவிக்கும். முனை என்பது நிலம் முடியும் இடத்தை. உப்பாறு என்பது நீரின் தன்மையை. கேணி என்பது குடிநீர் கிடைக்கும் இடத்தை. குறிஞ்சாக் கொடியின் பெயரையும் கேணியின் பெயரையும் சேர்த்துத் தாங்கி நிற்கும் குறிஞ்சாக்கேணியும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது.

திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் நெடுஞ்சாலை கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் முதலிய இடங்களில் நீரைக் கடக்க வேண்டியிருந்தது. மனிதரையும் வாகனங்களையும் ஏற்றிச்செல்லும் மிதவையைக் கிழக்கிலங்கை மக்கள் 'பாதை' என்றே அழைப்பர். நிலத்தில் கிடப்பதும் பாதை. நீரில் மிதப்பதும் பாதை. இச்சொல்வழக்கு ஆழ்ந்த பொருளுடையது. மக்களைப் பொறுத்தவரை வீதி நீர்க்கரையில் முடிவதில்லை. மிதவை அவ்வீதியின் தொடர்ச்சியே. அரச நிருவாகமோ வீதியை ஒரு திணைக்களத்திடமும், நீரைப் பிறிதொன்றிடமும், படகோட்டும் அனுமதியை உள்ளூராட்சியிடமும் பகிர்ந்து வைத்துள்ளது. மக்கள் ஒரு சொல்லால் இணைத்ததை நிருவாகம் பல கோவைகளாகப் பிரித்துவிட்டது.

சவூதி அபிவிருத்தி நிதியத்தின் உதவியுடன் அமைக்கப்பட்ட, 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. நாட்டின் மிக நீண்ட பாலம் என அது அந்நாளில் அறிவிக்கப்பட்டது. 2011 அளவில் நெடுஞ்சாலையின் ஏனைய துறைகளும் பாலங்களைப் பெற்றன. மட்டக்களப்பின் மண்முனைத்துறை 2014இல் பாலம் கண்டது. நெடுஞ்சாலையில் செல்லும் வாகனத்திற்கு நீர் இவ்வாறு தடையல்லாது போயிற்று. ஆனால் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே அமைந்த ஊர்களின் நிலை வேறு. குறிஞ்சாக்கேணிக்குரிய பழைய பாலத்தினிடத்தில் புதிய பாலம் கட்டப்பட்டுவந்த காலத்தில், மக்கள் மீண்டும் 'பாதை'யை நாட நேர்ந்தது. 2021 நவம்பர் 23ஆம் நாள் காலை, பாடசாலை செல்லும் மாணவரையும் ஏனையோரையும் ஏற்றிச்சென்ற அம்மிதவை கவிழ்ந்தது. பாடசாலை மாணவர் உட்பட ஆறு பேருக்குக் குறையாதோர் உயிரிழந்தனர்.

வீதி நீர்க்கரையிலோ இறங்குதுறையிலோ முடிவதைக் காட்ட வியன்னா உடன்படிக்கை ஒரு குறியைத் தந்துள்ளது. கரை விளிம்பிலிருந்து நீரினுள் விழும் காரின் உருவமே அது. இக்குறியைக் குறிஞ்சாக்கேணியின் கரையில் நிறுத்திப் பார்ப்போமாயின், இதுவரை கூறிய வரலாறு முழுவதும் அங்கு திரள்வதைக் காணலாம். அக்குறியில் விழுவது கார். புத்தகப்பையுடன் மிதவையில் நிற்கும் சிறுமி அல்லள். அது 'நில்' என்கின்றது. அவளோ கடந்தே ஆகவேண்டியவள், ஏனெனில் பாடசாலை மறுகரையில் உள்ளது. மாற்றுவழி உடையோர்க்கே எச்சரிக்கை பயன்தரும். வழியற்றோர்க்கு எச்சரிக்கை விடுப்பது, பொறுப்பை அபாயத்தின் காரணரிடமிருந்து அதற்கு இரையாவோரிடம் மாற்றிவிடும் செயலாகவே முடியும்.

இவ்விடத்து எச்சரிக்கைக் குறியின் மற்றொரு பொருளைத் தெளிதல் வேண்டும். அபாயம் எனப் பலகை நாட்டும் அதிகாரம், அங்கு அபாயம் உண்டென்பதைத் தான் அறிந்திருப்பதை எழுத்தில் ஒப்புக்கொள்கின்றது. ஆதலின் ஒவ்வோர் எச்சரிக்கைப் பலகையும் மக்கள் கையிலுள்ள ஓர் ஒப்புதற் பத்திரமாகும். மிதிவெடிப் பலகையை அவ்வாறே மக்கள் வாசித்தனர்; வெடி அகற்றப்படும்வரை கேட்டனர். வளைவிலும் கடவையிலும் துறையிலும் நிற்கும் பலகைகளையும் அவ்வாறு வாசிக்கக் கற்கும்போதே குறியறிவு குடியறிவாக வளரும். பலகை இல்லாத அபாயத் துறையோ, அதிகாரம் ஒப்புக்கொள்ள மறுத்த அபாயமாகும். அங்கு பலகையைக் கேட்பதும் உரிமைக்கான குரலே.

5. முடிவுரை

மலைபடுகடாத்தின் புல்முடிச்சு முதல் இன்றைய மஞ்சட் சாய்சதுரம் வரையுள்ள வரலாற்றினின்று சில முடிவுகளைப் பெறலாம். முதலாவது, குறியின் பொருள் அதன் உருவத்தில் மட்டும் அடங்குவதன்று. அது யாருக்காக, யாரால், எம்மொழியில் நாட்டப்பட்டது என்பதிலும் தங்கியுள்ளது. இரண்டாவது, எழுத்தறியாதார்க்கெனக் குழி குடைந்த காதக்கல்லின் நோக்கம், மும்மொழிச் சட்டம் உள்ள இன்றைய நாட்டிலும் முற்றாக நிறைவேறவில்லை. மூன்றாவது, வீதிமொழி நடந்து செல்வோரையும், மிதவையிற் செல்வோரையும், குழந்தைகளையும் இன்னும் முன்னிலைப்படுத்தவில்லை.

ஆய்வாளர் செய்யத்தக்க பணிகள் பல உள. கொட்டியாரக் குடாவிலும் மட்டக்களப்பு வாவியிலும் வழங்கிய 'பாதை'களின் பெயர்கள், அவற்றை இழுத்தும் தள்ளியும் உழைத்த தொழிலாளரின் நினைவுகள், கூலிமுறை, நேர்ந்த விபத்துகள் ஆகியன முதியோர் வாழுங்காலத்திலேயே தொகுக்கப்படல் வேண்டும். பெயர்ப்பலகைகளின் தமிழைப் பிரதேசம் பிரதேசமாகப் பதிவு செய்தல் மொழித்துறை மாணவர்க்குரிய பணியாகும். வீதிக்குறிகள் பாடசாலையிலே கற்பிக்கப்படும்போது, இது என்ன குறி என்ற வினாவோடு, நமது ஊரில் எங்கே குறி வேண்டும், எங்கே குறி போதாது பாலமே வேண்டும் என்ற வினாக்களையும் மாணவரே எழுப்புதல் நன்று. குறிஞ்சாக்கேணிச் சிறுவர் அவ்வினாவிற்கு விடை கூற வல்லவர். அவர்களைக் கேட்பதற்குரிய காலம் ஏற்கெனவே தாழ்ந்துவிட்டது.